மறுபடியும் முதலிலிருந்து துப்பாக்கி வாங்குவதென்றால் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

எங்கள் வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. தாத்தா காலத்து 12 போர் இரட்டைக் குழல் (ரவை போட்டுச் சுடுவது), அப்பா வாங்கிய .315 ரைபிள் (ஒற்றைக் குண்டு), குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக நான் எடுத்த .22 ரைபிள். போர், காலிபர் என்பதெல்லாம் குழல் விட்டத்தின் அளவுதான். மூன்றும் என் லைசென்ஸில்தான் ஏறியிருந்தன. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதுவரை மூன்று வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக இருப்பதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் .315-ஐ விட்டேன். அப்பா ஆசையாக வாங்கியதைப் போய் விடலாமா என்று வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் இன்றைக்குப் புதிதாக ஆரம்பித்தாலும் .315-ஐ வாங்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். நான் இருப்பது கடையம் பக்கம். மேற்கே மலை, அடிவாரத்தில் தோப்பு, அதற்குக் கிழக்கே வாழையும் நெல்லும். வயலுக்கு அடுத்து வாய்க்கால், வாய்க்காலுக்கு அடுத்து ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர். விடியற்காலையிலேயே தண்ணீர் பாய்ச்ச ஆள் வந்துவிடும். .315-இன் குண்டு 244 கிரெய்ன், அதாவது 16 கிராம் அளவுக்கு எடை. குறி தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். .30-06 என்கிற அமெரிக்கக் காலிபர் இன்னும் தூரம் போகும். பின்னால் மண்மேடோ பாறையோ இல்லாத சமவெளியில் அப்படிப்பட்ட ரைபிளைத் தோளில் வைக்கவே மனசு வராது.

அடுத்தது சட்டம். ஸ்போர்ட்டிங் ரைபிள் என்ற பெயரில் விற்றாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது. அதன் எல்லைக்குள் துப்பாக்கியோடு கால் வைப்பதே குற்றம். வாழையைக் குத்திப் போடும் காட்டுப்பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையினர் சுடலாம். அவ்வளவுதான். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருக்கிற பலருக்கும் இந்த விவரம் முழுசாகத் தெரிவதில்லை. மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, துப்பாக்கியால் நமக்கு ஆகிற வேலை இரண்டு: வெடிச் சத்தம் காட்டி விரட்டுவது, ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், அட்டையில் சுடுவது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் காலிபரைப் பேச வேண்டும்.

மூன்றாவதாகத் தோட்டா. என் அனுபவத்தில் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். ராணுவத் தோட்டா பொதுஜனம் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே .303-ஐத் தடுத்துவிட்டார்கள். அதனால்தான் .315 நம் நாட்டில் இவ்வளவு பரவியது. ஆஸ்திரியாக்காரர்களின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, வெள்ளைக்காரன் ராணுவத்து லீ என்ஃபீல்டு ரைபிளின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற பகுதி) அமைப்பிலேயே சுடுகிற மாதிரி வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். உறுதியான, எளிமையான ரைபிள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டா எப்போது வரும் என்று டீலருக்கே தெரியாது. வந்தாலும் விலை கட்டுப்படியாகாது. பத்து ரவுண்டு சுட்டுப் பழகலாம் என்றால் கை தயங்கும். சுடாத ரைபிள் யாருக்கும் பழகாது. ஜமீன் காலத்துப் பெரிய வீடுகளில் இருந்த .375 ஹாலண்டுக்கும் இதே கதைதான். 1912-இல் வந்த அருமையான காலிபர், இன்றைக்கு அதற்குத் தோட்டா தேடி அலைய வேண்டும்.

சரி, எதை எடுப்பேன்? முதலில் 12 போர் இரட்டைக் குழல். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு பவுண்டு ஈயத்தில் சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு இருக்குமோ, அதுதான் இதன் குழல் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். இதன் தோட்டா எந்த டீலரிடமும் கிடைக்கும். சின்ன ரவை போட்டால் தூரம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். நம் ஊர் நிலத்துக்கு இதுதான் பொருத்தம். பழைய இரட்டைக் குழல்களில் பெரும்பாலும் வலது குழல் வாய் திறந்திருக்கும், இடது குழல் வாய் நெருக்கியிருக்கும், அதாவது சோக். வலதில் சுட்டால் ரவை சீக்கிரம் விரியும், இடதில் சுட்டால் கொஞ்ச தூரம் சேர்ந்து போகும். ஒரே துப்பாக்கியில் இரண்டு குணம்.

ஆனால் இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். எங்கள் தாத்தா துப்பாக்கியைச் சர்வீசுக்குக் கொண்டுபோனபோது டீலர் குழலுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது 65 சேம்பர். இதுல 70 போட்டுராதீய" என்றார். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இப்போது வருகிற தோட்டாக்கள் பெரும்பாலும் 70. பிரச்சினை என்னவென்றால், 70 தோட்டாவும் அந்த அறைக்குள் நழுவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும், துப்பாக்கியும் சுகமாக மூடும். மடித்து வைத்த வாய்தான் தோட்டாவைக் குட்டையாகக் காட்டுகிறது. சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகுகிற இடத்தில் போய் அடைக்கும், உள்ளே அழுத்தம் தாறுமாறாக ஏறும். மூடுகிறதே, அப்போ சரிதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே பழையது வாங்கினால் சேம்பர் அளவைக் குழலின் அடியில் பார்த்து, சந்தேகம் இருந்தால் அளந்தும் பார்க்க வேண்டும். குழல் மேல் சுருள்சுருளாக அலை ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக் காலத்துச் சாமான். பார்க்க அழகு, சுவரில் இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிய நிலையில் கையில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். முன்கட்டை மாட்டியிருக்கும்போது அது இந்த ஆட்டத்தை மறைத்துவிடும். குழலை மடக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால், நல்ல குழலில் வளையம் வளையமாக ஒளி நிற்கும். எங்காவது வளையம் நசுங்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது.

துருதான் நம் பக்கத்து எதிரி. ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் பீரோவுக்குள் இருக்கிற இரும்பும் வியர்க்கும். தோல் உறையிலோ கேன்வாஸ் பையிலோ போட்டு வைக்கவே கூடாது, உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நாளானால் பிசினாக இறுகிவிடும். மெல்லிய மெஷின் எண்ணெயே போதும், துணியால் மெலிசாக. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒருமுறை எங்கள் .315 திரும்பி வந்தபோது போல்ட் முழுக்கச் செம்பழுப்பு. அதிலிருந்து கொடுப்பதற்கு முன்னால் உள்ளும் புறமும் கிரீஸ் பூசித்தான் கொடுக்கிறேன். முடிந்தால் டீலரிடம் விடுங்கள். கட்டணம் ஆகும், பரவாயில்லை, ரசீதோடு ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது .22. வேலிக்குக் காவல் என்று நினைத்து இதை வாங்க வேண்டாம், அதற்கு இது உதவாது. சுடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. குண்டு 40 கிரெய்ன், இரண்டரை கிராம்தான். தோளில் உதை கிடையாது, சத்தம் குறைவு, ஒரு பெட்டி தோட்டா ஒரு முழுக் காலைப் பயிற்சிக்கு வரும். ரைபிள் கிளப்பில் உறுப்பினரானால் தோட்டா கிடைப்பதும் சுலபம். 50 மீட்டர் அட்டையில் பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குறுக்கே அடிக்கும்போது பத்துக்கு வைத்த குறி ஏழில் போய் விழும். அந்தக் காற்றை வாசிக்கப் பழகியதுதான் எனக்கு .22 கொடுத்த பெரிய வரவு. சின்னக் குண்டுதானே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், அது ஒரு மைலுக்கு மேல் போகும்.

.30-06 பற்றி நிறைய இளைஞர்கள் கேட்கிறார்கள். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த காலிபர், இப்போது இச்சாப்பூரிலும் அந்த ரைபிள் செய்கிறார்கள். நுட்பமான ரைபிள், நீண்ட தூர ரேஞ்ச் பக்கத்தில் இருந்தால் ஆசைப்படலாம். நம் மாவட்டத்தில் அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இருக்கிற இரண்டு இடத்தில் ஒன்றை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

என் மருமகன் லைசென்ஸுக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். விசாரணை, அறிக்கை, கையெழுத்து என்று நாளாகும். அதுவரை ஒரு .177 ஏர் ரைபிள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாத .177-க்கு லைசென்ஸ் தேவையில்லை. வீட்டுக் கொல்லையில் 10 மீட்டர் அளந்து, பின்னால் மணல் மூட்டை அடுக்கி, தினமும் சாயங்காலம் மூச்சை அடக்கி விசையை இழுத்துப் பழகுகிறான். கிளியையோ அணிலையோ பார்த்துத் திருப்பக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். 12 போருக்கு அவனுக்கு உத்தரவு கிடைத்ததும், 70 சேம்பர் உள்ள பாக்ஸ்லாக் வகை இரட்டைக் குழல் ஒன்றை டீலரிடம் சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.