'உங்களுக்குத் தெரியாததா அண்ணே' என்று சொல்லி என் தலையில் கட்டிய பைக்

இருபது வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன். இப்போது வாங்கியது ஏழாவது பைக். அதில் ஐந்து செகண்ட் ஹேண்ட். இவ்வளவு பார்த்தும் இரண்டு மாதத்துக்கு முன்னால் நன்றாக ஏமாந்தேன். இதைப் புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்காக எழுதவில்லை. அவர்கள் பயத்தில் ஒரு மெக்கானிக்கைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள், பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். சத்தத்தை வைத்தே இஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற, பத்து பதினைந்து வருடம் ஓட்டிய ஆட்கள் இதைப் படிக்கவேண்டும்.

வண்டி 2019 மாடல், இரட்டை சிலிண்டர். மீட்டரில் 18,400 கிலோமீட்டர். அதே மாடலை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி நிறைய ஓட்டியிருக்கிறேன். எடுத்தால் இதுதான் என்று மனதுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. இப்போது யோசித்தால் தவறு அங்கேயே ஆரம்பித்திருக்கிறது. வண்டியைப் பார்க்கப் போகவில்லை நான், வாங்கப் போயிருக்கிறேன்.

விற்றவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரும் நீண்ட பயணம் போகிறவர். போனதும் அரை மணி நேரம் ரோடு, மழை, ஹெல்மெட், ஜாக்கெட் என்று பேசிக்கொண்டிருந்தோம். வண்டி கழுவித் துடைத்து மின்னிக்கொண்டு நின்றது. இஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. "நீங்க வர்றீங்கன்னு கழுவிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்ணே, தண்ணி காயட்டும்னு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இஞ்சின் ஆறினபிறகு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டுமே என்று இழுத்தேன். "சத்தத்தைக் கேட்டாலே உங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்றார். அதோடு நான் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நான் எச்சரிக்க நினைப்பது முக்கியமாக இதைத்தான்.

சூடான இஞ்சின் எதையெல்லாம் மறைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இஞ்சினுக்குள் வால்வுகளை இயக்குகிற டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் தேய்ந்திருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எழுப்பும்போது ஆயில் மேலே ஏறும்வரை சில நொடி கடகடவென்று அடிக்கும். அப்புறம் அடங்கிவிடும். வால்வ் சீல் போயிருந்தால் இரவில் கசிந்த ஆயில் எரிந்து முதல் புகை நீலமாக வரும். பலவீனமான பேட்டரிகூட இப்போதுதான் ஓடி நின்ற வண்டியில் சுறுசுறுப்பாக செல்ஃப் அடிக்கும். இவை எல்லாம் காலையில் முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் தெரிகிற விஷயங்கள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் எனக்குக் காட்டாமல் வைத்தார்.

இரண்டாவது தடவை, டயரைப் பார்க்கக் குனிந்தபோது. "வண்டியோட வந்த டயர்தான் இன்னும் ஓடுது" என்று அவராகவே சொல்லியிருந்தார். டயரின் பக்கச்சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 4 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம். அதைப் பார்க்கப் பக்கச்சுவரில் ஒட்டியிருந்த டயர் பாலிஷைத் துடைக்கவேண்டும். குனிந்த என்னைப் பார்த்து, "இதையெல்லாம் பார்த்துதான் உங்களுக்குத் தெரியணுமா அண்ணே" என்றார். நிமிர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோது முன் டயரில் 4122 என்றிருந்தது. 2022-ஆம் வருடம் 41-ஆவது வாரம் செய்த டயர். 2019-இல் செய்த வண்டியோடு அது எப்படி வந்திருக்கும்? ஒரு துணி எடுத்து ஒரு தடவை தேய்த்திருந்தால் அவர் சொன்ன முதல் பொய் அங்கேயே என் கையில் அகப்பட்டிருக்கும். ஒரு பொய் அகப்பட்டால் மற்றதை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்திருப்பேன்.

மூன்றாவது தடவை, சர்வீஸ் பில் கேட்டபோது. வீடு மாறினதில் எங்கேயோ போய்விட்டது என்றார், அதே வாக்கியத்தைச் சேர்த்து.

என் கைக்கே தெரிந்த ஒன்றையும் நான் விட்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. முன் பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். பேட் உராயும் இடம் தேய்ந்து, உராயாத ஓரம் மட்டும் திட்டாக நிற்கும். இந்த வண்டியில் நகம் நன்றாகவே தடுக்கியது. 18,000 ஓடின வண்டியில் இவ்வளவு இருக்காதே என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. மலைப்பாதையில் நிறைய ஓட்டியிருப்பார் என்று நானே அவருக்காக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று இருந்தது. கியர் லீவரின் ரப்பர் மட்டும் புத்தம் புதியது. ஒன்று தேய்ந்தும் ஒன்று புதிதாகவும் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் மாற்றினார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பிக்கப் நன்றாக இருந்தது, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் நடுவில் வந்து லேசாக உட்கார்ந்துகொள்வது மாதிரி ஓர் உணர்வு. காற்று குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதங்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன். சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் இரண்டும் பதிவு ஆவணத்தோடு ஒத்துப்போயின. கடன் பாக்கி இல்லை. காகிதம் சுத்தமாக இருந்ததில் வந்த நிம்மதி வண்டியின் மேலும் பரவிவிட்டது. திருட்டு வண்டி இல்லை, அடமானத்தில் இல்லை என்பதைத் தவிர அந்தக் காகிதம் வேறொன்றும் சொல்லவில்லை.

விலை பேசியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே அவர் பொய்யே சொல்லவில்லை. ஏமாந்தது முழுக்க என் கணக்கில். அந்த மாடலுக்கு விளம்பரங்களில் கண்ட விலைகளில் இருப்பதிலேயே உச்சத்தை அவர் கேட்டார். நான் பேசிப் பேசி நூற்றுக்கு எட்டு குறைத்தேன். குறைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. ஒரு மாதம் முன்கூட்டியே கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: அதே வருடத்து வண்டிகளில் நாலைந்து நாளில் காணாமல் போனவை எந்த விலையில் இருந்தன, வாரக்கணக்கில் அப்படியே நிற்பவை எந்த விலையில் நிற்கின்றன என்று. இவருடைய வண்டியே ஏழு வாரமாக விளம்பரத்தில் இருந்திருக்கிறது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

சீக்கிரம் விற்றுப்போகிற அந்த விலையிலிருந்து, வாங்கிய அன்றே செய்யவேண்டிய செலவைக் கழிக்கவேண்டும். டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், பேட்டரி, நெருங்கி நிற்கிற பெரிய சர்வீஸ். ஒவ்வொன்றுக்கும் வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே உதிரிபாகக் கடையில் விலை கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும். அங்கே நின்றுகொண்டு மனக்கணக்குப் போட்டால் எல்லாம் குறைவாகத்தான் தெரியும். நான் ஒன்றையும் கழிக்கவில்லை. மாறாகக் கூட்டினேன். வண்டி விழுந்தால் இஞ்சினைக் காக்கிற க்ராஷ் கார்டு, பெட்டி மாட்டும் ஃபிரேம், வேறு சைலன்சர் என்று அவர் போட்டிருந்த எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒரு விலை வைத்தேன். இன்னொருவர் தன் இஷ்டத்துக்கு மாட்டியதற்கு நான் ஏன் பணம் தரவேண்டும்? வண்டியோடு வந்த பழைய சைலன்சர் இல்லை என்றால் அது உண்மையில் குறைக்கவேண்டிய தொகை. க்ராஷ் கார்டில் உராய்ந்த தடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்த்திருக்கவேண்டும். அது புதிதாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆசையாகப் போய் செல்ஃப் அடித்தேன். டின்னுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கினது மாதிரி ஒரு சத்தம், ஐந்தாறு நொடி. பிறகு நின்றுவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது.

எனக்குப் பழக்கமான மெக்கானிக் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, ஒரு விரலால் ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளச் சொன்னார். சரியாக நடுவில் வந்து டொக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. ஹேண்டில் திரும்புகிற பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. நான் காற்று குறைவு என்று நினைத்தது இதைத்தான். அப்புறம் டார்ச்சை அடித்து, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃப்ரேமில் முட்டி நிற்குமே, அந்தச் சின்ன இரும்புத் தடுப்பைக் காட்டினார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அதன்மேல் புதுக் கறுப்புப் பெயின்ட். முன்பக்கம் எங்கேயோ பலமாக இடித்து, ஹேண்டில் அதன் எல்லையையும் தாண்டித் திரும்பினால்தான் அந்த இடம் அப்படி நசுங்கும். டேங்க்கை மாற்றலாம், முகப்பை மாற்றலாம், க்ராஷ் கார்டை மாற்றலாம். அது ஃப்ரேமோடு சேர்ந்தது என்பதால் பெரும்பாலும் பெயின்ட் அடித்து விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்க ஒரு டார்ச்சும் அரை நிமிடமும் போதும்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கைக் கழற்றி, அதன் குழாயை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து உருட்டினார். இடது குழாய் அப்படியே படிந்து உருண்டது. வலது குழாய் உருளும்போது அடியில் ஒரு நூல் அளவு வெளிச்சம் வந்து வந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வண்டியில் நான் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

டிஸ்க்கின் தடிமனை அளந்தால் 4.6 மில்லிமீட்டர். குறைந்தபட்சம் 4.5 என்று அதிலேயே பொறித்திருக்கிறது. புதிதாக இருக்கும்போது 5. இதற்குமேல் மீட்டரை நம்ப முடியவில்லை. சேசிஸ் நம்பரை வைத்து அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டேன். 2023 மார்ச்சில் கடைசியாக வந்தபோது 31,870 கிலோமீட்டர் என்று அவர்கள் கணினியில் இருக்கிறது. மீட்டரையே மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது; தேய்மானத்தை வைத்துப் பார்த்தால் 45,000-க்குக் குறையாது என்கிறார் மெக்கானிக். பணம் கொடுப்பதற்கு முன்னால் இதே விவரத்தை விற்பவரை வைத்துக்கொண்டே கேட்டிருக்கலாம். மறைக்க ஒன்றும் இல்லாதவர் மறுக்கமாட்டார்.

டைமிங் செயின், டென்ஷனர், கோன் செட், ஃபோர்க் குழாய், ஆயில் சீல், டிஸ்க், பேட். எல்லாம் சேர்த்து நான் கொடுத்த விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கூடவே, 18,400-க்கு விலை கொடுத்து 45,000 ஓடின வண்டியை வாங்கியிருக்கிறேன். அந்த வித்தியாசத்தை எந்த மெக்கானிக்கும் சரிசெய்து தரமுடியாது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நீங்க பார்த்துதானே அண்ணே எடுத்தீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றார். நாலாவது தடவை. அதன்பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார். விபத்து ஆகவில்லை, மீட்டர் மாற்றவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. விற்பனைத் தாளில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், குறைந்தது குறுஞ்செய்தியில் கேட்டு அவரிடமிருந்து பதிலாவது வாங்கியிருந்தால், இன்றைக்கு என் கையில் பிடிப்பதற்கு ஒன்று இருந்திருக்கும்.

நமக்கு அனுபவம் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அதையே நமக்கு எதிராகப் பயன்படுத்துவார். குனிந்து பார்ப்பதும், துடைத்துப் பார்ப்பதும், நாளைக் காலை வருகிறேன் இஞ்சினைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்வதும் கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கு அந்த வண்டியின்மேல் ஆசை இருக்கக்கூடாது. அவருக்கு மெக்கானிக் வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, இதைப் பார்த்தாயா, அதைப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். யாராவது உங்களுக்குத் தெரியாததா என்று சொன்னால், தெரியாது, காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

வண்டியை வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து போன வாரம் வந்தது, இப்போது நேராகப் போகிறது. மெக்கானிக் போட்ட பில்கள், சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிய தாள், வளைந்த குழாயின் படம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கவர் மேல் எழுதியிருக்கிறேன்: மீட்டர் காட்டுவது தவறு, சேர்த்துக்கொள்ளவேண்டியது உள்ளே இருக்கிறது.