வெள்ளைப்புள்ளிக்கு பாட்டில் மருந்தா, கல்லுப்பா?

அடைமழையில் தொட்டித் தண்ணீர் குளிர்ந்ததும் மீன் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி கிளம்பும், அது ஒட்டுண்ணியால் வரும் நோய். சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து வந்திறங்கிய புது மீனைத் தனியே வைக்காமல் நேராகத் தொட்டியில் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் நீட்டுவது மெத்திலீன் ப்ளூ, மலக்கைட் கிரீன் என்ற சாய மருந்துகளில் ஒன்று கலந்த பாட்டில். இன்னொரு வழி, கல்லுப்பும் ஹீட்டரும். போன மழைக்காலத்தில் புதுச்சேரி வீட்டுத் தொட்டிக்கு நான் எடுத்தது உப்பு.

தோலுக்கடியில் இருக்கும் புள்ளியை இரண்டுமே தொடாது. ஒட்டுண்ணி முற்றி உதிர்ந்து, சரளைக்கல்லில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து நீந்தி வரும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் எந்த வழியும் வீண். விலையில் உப்புக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. மரக்காணம் உப்பளம் நமக்குக் கூப்பிடு தூரம். நீல மருந்து தொட்டி மூலையில் இருக்கும் சிலிகானில் கறை விடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது பில்டருக்கு வரும் சேதம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது பில்டர் பஞ்சிலும் கல்லிலும். மெத்திலீன் ப்ளூ அதையும் சேர்த்து அழிக்கும். ஒட்டுண்ணி ஏற்கெனவே செவுளைக் கடித்து வைத்திருக்கிறது, அதன்மேல் அம்மோனியா ஏறினால் மீன் எப்படித் தாங்கும்? “மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு, மீன்தான் போயிடுச்சு” என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான். பில்டர் பழையபடி தேறச் சில வாரம் பிடிக்கும், அதுவரை தினம் தண்ணீர் மாற்றியே ஆகவேண்டும். லிட்டருக்கு 2 கிராம் உப்பில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு 100 கிராம் போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே கரிக்கும், அங்கே அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். ஹீட்டரை மெல்ல ஏற்றி 30 டிகிரியில் நிறுத்தினால் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். கோடையில் நம்மூர் தண்ணீர் ஹீட்டர் இல்லாமலே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சரளையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, எடுத்த தண்ணீருக்கு ஏற்ற உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் இதைத் தொடர்ந்தேன்.

இந்த வழியில் பயம் கரண்ட் போவதுதான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. புயல் நேரத்தில் ஏர் பம்ப் நின்றால் முதலில் தவிப்பது செவுள் புண்ணான மீன். பேட்டரி பம்ப் இல்லாத வீட்டில் சூட்டை விட்டுவிட்டு உப்போடு நிறுத்தலாம், நாள் மட்டும் கூடும்.

என் தொட்டியில் இருந்தவை மோலியும் கோல்டு ஃபிஷும், உப்புக்கு அசராதவை. கோரிடோராஸ், நியான் டெட்ரா மீன்களை வைத்து நான் செய்து பார்த்ததில்லை. அவை உப்புக்கும் நோகும், மலக்கைட்டுக்கும் நோகும் என்பதால் எதையும் பாதி அளவில் தொடங்குவதே நல்லது. உப்பு தாங்காத செடிகள் நிறைந்த தொட்டி என்றால் மீனைத் தனி டப்பில் போட்டு பாட்டில் மருந்து விடுவேன். அங்கே காப்பாற்ற பில்டர் இல்லையே. செவுள் புழுவுக்கு இரண்டையும் நம்ப மாட்டேன், அதற்கு பிராசிக்வான்டெல் என்ற புழு மருந்துதான்.