புதுச்சேரியில் விடுதி: புதுக் கட்டடமா, பழைய வீடா?

புறநகரில் மனை வாங்கிக் கட்டுவதா, நகருக்குள் முற்றம் வைத்த பழைய வீட்டை விடுதியாக மாற்றுவதா? வாடகைக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது.

புதுசு என்றால் பாதி வேலை காகிதத்திலேயே முடியும். விடுதியின் மாடிப்படிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது. வரைபடத்தில் கோட்டை நகர்த்தினால் ஆயிற்று. உயரம் 15 மீட்டரைத் தொட்டால், உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கில் சேர்ந்து, அப்போதுதான் செலவு ஏறும்.

பழைய வீட்டின் கதை வேறு. சுவர் தடிமனானது, தீயைத் தாங்கும். ஆனால் மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்த தட்டைக் கூரை, நிற்பது மர உத்தரங்களின் மேல். படியும் பெரும்பாலும் ஒன்றே, ஒடுங்கிய மரப்படி. இரண்டாவது படியை எங்கே வைப்பது? முற்றத்தில் வைத்தால், தீப்பிடிக்கும்போது புகையும் அதே வழியாகத்தான் மேலேறும். கொல்லைப்புறத்தில் இரும்புப்படி வைக்கலாம், கடல்காற்றுக்கு வருஷாவருஷம் பெயின்ட் அடிக்கத் தயாராக இருந்தால். வாசல் தேக்குக் கதவு உள்பக்கம் திறக்கும். ஆட்கள் முண்டியடித்தால் அது திறக்காது.

(மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு உணவகம் என்ற ஆசை வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கூரைத் தீயில்தான்.)

கீழ்த்தளத்தில் நாலைந்து அறை போதுமென்றால் பழைய வீட்டையே எடுப்பேன். மாடி நிறைய அறை வேண்டுமென்றால் புதுசுதான். எதுவானாலும், முன்பணம் கொடுக்குமுன் வரைபடத்தோடு தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.