எட்டு வருஷ ஹெச்டி டிஷ்: மழை, மயில், வாடிவாசல் புழுதி

ஹெச்டி டிஷ்ஷில் படம் எப்படி இருக்கு என்று யாராவது கேட்டால், எந்த நேரத்துப் படம் என்று திருப்பிக் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ராத்திரிச் செய்தியில் வாசிக்கிறவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப் பித்தானில் கோத்த நூல்கூடத் தெரிகிறது. அதே செட்டாப் பெட்டி, அதே டிவி. ஆனால் அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெளியே பாய்ந்தால் அந்த ஒரு நொடிக்கு மாடும் இல்லை, பிடிக்கப் போனவரும் இல்லை, பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நகர்கிறது. டிஷ் 2017 தீபாவளிக்கு மாட்டியது. எட்டு வருஷத்தில் இரண்டு டிவி, இரண்டு பெட்டி, ஒரு எல்என்பி (டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் கருவி) மாறியாயிற்று. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் பட்டதில் பாதிக்கு மேல் என் வீட்டு மாடியிலும் டிவிக்குப் பின்னாலும் இருந்த கோளாறுதான்.

வீடு மதுரை ஒத்தக்கடையில். டிஷ் மாட்ட வந்த அன்று மாமா கேட்ட முதல் கேள்வி, "யானைமலை மறைக்காதா தம்பி?" மறைக்காது. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் செயற்கைக்கோள் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட் 15 நிற்பது 93.5 டிகிரி கிழக்கில், மதுரையிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரம், திசை கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. மற்ற நிறுவனங்களின் செயற்கைக்கோள்களும் ஐம்பது டிகிரிக்குக் கீழே இல்லை. அப்பா காலத்தில் ஆன்டெனாவை மேற்கே கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள், இப்போது டிஷ் கிழக்கே அண்ணாந்து பார்க்கிறது. மலை பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுத் தென்னைதான் பிரச்சினை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் ஆறு மாதம் நான் ஹெச்டிக்குக் காசு கட்டி எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தரப் படம், பார்த்தேன். சத்தியமாக. மாட்ட வந்த பையன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஒயரைச் சொருகிவிட்டு, "படம் வந்துருச்சுண்ணே" என்று கையெழுத்து வாங்கிப் போய்விட்டான். அந்த ஒயரில் ஹெச்டி போகவே போகாது. லீவுக்கு வந்த அக்கா மகன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கிச் சொருகினோம், அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்தால் பெட்டியின் செட்டிங்கில் வெளியீடு 576 என்றே கிடந்தது. அதை 1080i என்று மாற்றின பிறகுதான் நான் காசு கொடுத்த படம் வீட்டுக்குள் வந்தது. எஸ்டி என்பது 720க்கு 576, கூட்டிக் கழித்தால் சுமார் 4 லட்சம் புள்ளி. ஹெச்டி 1920க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளி. ஐந்து மடங்கு. 32 இஞ்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அது அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 43 இஞ்ச் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எஸ்டி சேனல் போட்டால் கண் கூசுகிற மாதிரி ஆனது.

இன்னொரு கூத்தும் நடந்தது. அம்மாவுக்குச் சேனல் எண்கள் மனப்பாடம், கேபிள்காரர் காலத்திலிருந்து புது எண் எது வந்தாலும் ஒரு வாரத்தில் ஏற்றிக்கொள்வார். ஏற்றிக்கொண்டது எஸ்டி எண்ணை. ஹெச்டி சேனல் வேறு எண்ணில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், "நான் பாக்குறது இதுலதான்டா வருது" என்றார். கடைசியில் எஸ்டி சேனல்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, விருப்பச் சேனல் பொத்தானில் ஹெச்டியை மட்டும் வைத்துக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் எந்த எண்ணை அழுத்துகிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள்.

டிவியின் பட செட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் வைத்திருந்த பளபளா மோடிலேயே விட்டால் எல்லார் முகமும் மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும், மாற்றுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுக் கீழே ஓடும் செய்தி வரி பாதி மறைந்தால் திரை அளவைப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

மூன்றாவது வருஷம் வந்த கோளாறுதான் சுவாரசியம். திடீரென்று ஒரு நாள் பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை. வராததில் ஹெச்டிதான் அதிகம். சர்வீசுக்கு வந்தவர் ரிமோட்டை நாலு தடவை அழுத்திவிட்டு, "பெட்டி போயிருச்சு சார், புதுசு போட்டுக்கங்க" என்றார். சரி என்று சொல்லியிருப்பேன், ஆனால் வராத சேனல்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எல்லாமே ஒரே வகை அலையில் வருபவை என்று தோன்றியது. விஷயம் இதுதான்: டிஷ் முனையில் இருக்கும் எல்என்பிக்குப் பெட்டியிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. 13 வோல்ட் போனால் நெடுக்கு அலைச் சேனல்கள், 18 வோல்ட் போனால் கிடை அலைச் சேனல்கள். வழியில் எங்காவது கேபிள் துருப்பிடித்தால் 18 அனுப்பினாலும் மேலே போய்ச் சேரும்போது குறைந்துவிடும், எல்என்பி அதை 13 என்று நினைத்துக்கொள்ளும், கிடை அலைச் சேனல் அத்தனையும் காலி.

மாடிக்குப் போனேன். எல்என்பி முனையில் இருந்த திருகு கனெக்டரைக் கழற்றியதும் உள்ளிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நடுச் செம்புக் கம்பியில் பழைய பித்தளைச் செம்பில் படிகிற மாதிரிப் பச்சைக் களிம்பு, வெளிப் பின்னல் விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கனெக்டர் திருகி, மழைத் தண்ணீர் இறங்காதபடி கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு டேப் சுற்றினேன். கனெக்டர் விலை இருபது ரூபாய். சிக்னல் தரம் 50க்குப் பக்கத்திலிருந்து 80க்கு மேலே ஏறியது. அந்தப் பெட்டி அதன்பிறகும் மூன்று வருஷம் ஓடியது.

மழை விஷயத்தில் யாரையும் திட்டிப் பயனில்லை. இந்த டிஷ்கள் கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில் வேலை செய்கின்றன, அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில்தான், கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். சித்திரை, வைகாசிக் கோடை மழை சாயந்தரம் இடியோடு கொட்டும்போது கால் மணி, அரை மணி படம் போகும். ஐப்பசி அடைமழை நாள் முழுக்கப் பெய்தாலும் தூறல்தான் என்றால் ஒன்றும் ஆகாது. பழைய ஆன்டெனாவில் படத்தில் புள்ளி புள்ளியாக அரிசி தெளித்த மாதிரி வந்தாலும் கதையைத் தொடரலாம். இதில் அப்படி இல்லை, தரம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்வரை பளிச்சென்று வரும், இறங்கினால் ஒரேயடியாகக் கருப்பு. என் பெட்டியில் ஹெச்டி முதலில் போகும், எஸ்டி சேனல்கள் சில இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் தாக்குப்பிடிக்கும். ஹெச்டியை ஏற்றி அனுப்பும் முறை அதிகத் தகவலை நெருக்கி அனுப்புவது, அதற்குச் சுத்தமான சிக்னல் வேண்டும்.

மழையில்லாத நாளில் போனால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை தென்னை மட்டை சாய்ந்து நேர் குறுக்கே நின்றது. இன்னொரு தடவை மயில். மலைப்பக்கமிருந்து வந்து டிஷ்ஷின் விளிம்பில் தோகையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது, விரட்ட மனசு வரவில்லை. அது போன பிறகும் படம் வரவில்லை, டிஷ் இரண்டு மூன்று டிகிரி அசைந்தாலே போதும், முடிந்தது. போல்ட்டை லேசாகத் தளர்த்தி, டிவிக்கு முன்னால் மனைவி சிக்னல் தர எண்ணைச் சொல்லச் சொல்ல நகர்த்தி இறுக்கினேன். இப்போது கம்பத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு மிஞ்சுவதுதான் நிறுவனத்தின் கணக்கில் வருவது. அந்த வாடிவாசல் புழுதி. செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டரின் கொள்ளளவு நிலையானது, அதற்குள் எத்தனை சேனலை ஏற்றுகிறார்கள் என்பதில்தான் படம் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் நிற்கிற ஷேர் ஆட்டோதான், ஆறு பேர் என்றால் நிமிர்ந்து உட்காரலாம், பதினொரு பேர் என்றால் முழங்கால் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். அசையாத காட்சிக்குக் குறைந்த தகவல் போதும், முன்னால் வந்த படத்தில் மாறின இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். புழுதி, தேங்காய்நார்த் துகள், கூட்டத்தின் கைகள் எல்லாம் ஒவ்வொரு நொடியும் மாறுகின்றன, அத்தனைக்கும் தகவல் அனுப்ப இடமில்லாதபோது கட்டம் கட்டமாக உடைகிறது. கிரிக்கெட்டில் புல்தரை பச்சைப் பெயின்ட் பூசின மாதிரித் தெரிவதும் இதனால்தான். என்னுடைய சோதனை, அழகர் ஆற்றில் இறங்கும் நேரலை. தோல்பையை அமுக்கி நூறு பேர் தண்ணீர் பீய்ச்சுகிற அந்தக் காட்சியில் துளி துளியாகத் தெரிந்தால் அது நல்ல ஹெச்டி. எட்டு வருஷத்தில் முழுசாகத் தெரிந்ததை நான் பார்த்ததில்லை, பாதி தெரிந்த வருஷம் உண்டு. சேனல்களின் எண்ணிக்கை ஏற ஏற மங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஹெச்டி சேனலில் பழைய எஸ்டி படத்தை இழுத்துப் போடுவது தனிக் கொடுமை, கதாநாயகன் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிகிறார்கள்.

காசுக் கணக்கு: 2019 பிப்ரவரியில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதுக் கட்டண முறை வந்தபோது 100 சேனல் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி, அதில் ஒரு ஹெச்டி சேனல் இரண்டு எஸ்டியாகக் கணக்கு. அப்போதிலிருந்து மொத்த ஹெச்டி பேக் எடுப்பதை விட்டுவிட்டேன். தமிழில் நாலு சேனல் ஹெச்டியில், விளையாட்டுச் சேனல் தொடர் நடக்கும் மாதம் மட்டும். சீரியலுக்கும் காமெடிக்கும் எஸ்டியே போதும் என்பது என் எண்ணம்.

இந்த வருஷம் மார்ச்சில் அந்த நாலையும் எடுத்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்து. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மீனாட்சி கல்யாணத்தன்று காலையில் அம்மா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "டேய், ஆத்தா மூக்குத்தி ஏன்டா இந்த வருஷம் மின்னல?" தாலி கட்டுவதற்குள் போனில் ரீசார்ஜ் போட்டுவிட்டேன்.