மொழி வகுப்புக்கான டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ: சீசாவா, மஹாராவா, வெறும் கோப்புறையா?

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களின் பேச்சையும் எழுத்தையும் கல்வியாண்டு முழுவதும் சேர்த்துவைத்து மதிப்பிட ஒரு கருவி தேவைப்பட்டபோது, என் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கெனவே உருவாக்கப்பட்ட சீசா செயலி. இரண்டு, திறமூல மென்பொருளான மஹாரா. மூன்று, தனிச் செயலி எதுவும் இல்லாமல், கூகுள் டிரைவில் மாணவருக்கு ஒரு கோப்புறையும் அதனுள் ஓர் அட்டவணைத் தாளும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். பார்வைக்கு அதுவே மிகச் சாதாரணமானது. தொடக்க வாரங்களில் ஆசிரியரிடம் அதிக வேலை வாங்குவதும் அதுவே.

மூன்றுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். படம், ஒலிப்பதிவு, காணொளி, எழுத்து ஆகிய நான்கையும் மூன்றிலும் சேமிக்கலாம், ஆசிரியர் கருத்து எழுதலாம், கைப்பேசியிலிருந்தும் பயன்படுத்தலாம். செலவைப் பொறுத்தவரை, சீசாவில் வரம்புகளோடு கூடிய இலவசப் பதிப்பும் பள்ளிகளுக்கான கட்டணப் பதிப்பும் உள்ளன. மஹாராவுக்கு உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஒரு சர்வரும் அதைக் கவனிக்கும் ஆளும் வேண்டும். டிரைவ் பெரும்பாலும் பள்ளியின் மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த வேறுபாடுகளை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் எதை எடுத்தாலும் பாதகமில்லை என்றே சொல்லியிருப்பேன்.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஐரோப்பிய மன்றம் 2001இல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாக வகுத்த பொதுச் சட்டகத்தை வெளியிட்டது. அதே காலத்தில் அது முன்வைத்த மொழிப் போர்ட்ஃபோலியோவுக்கு மூன்று பகுதிகள்: கற்பவரின் தற்போதைய நிலையைக் காட்டும் மொழிக் கடவுச்சீட்டு, கற்ற விதத்தை அவரே எழுதும் மொழி வரலாறு, சான்றாகச் சேர்த்துவைக்கும் படைப்புகள். இன்று போர்ட்ஃபோலியோ என்ற பெயரில் வரும் செயலிகளில் பெரும்பாலானவை மூன்றாவது பகுதியை மட்டும் மிக நன்றாகச் செய்கின்றன. படைப்புகள் குவிகின்றன; ஆனால் மாணவர் தம் பழைய படைப்பைத் திரும்பிப் பார்த்துப் புதியதோடு ஒப்பிட்டு எழுத வேண்டிய இரண்டாம் பகுதி அநேகமாகக் காலியாகவே கிடக்கிறது. ஆகவே நான் ஒவ்வொரு கருவியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: ஒரு மாணவர் பருவத் தொடக்கத்தில் பேசியதையும் பருவ இறுதியில் பேசியதையும் அடுத்தடுத்துக் கேட்க, அந்த மாணவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சந்தைக் காட்சி ஒன்றின் படத்தைக் காட்டி, எழுதிவைக்காமல் 2 நிமிடம் பேசச் சொல்வது எங்கள் வழக்கமான பயிற்சி. பருவத் தொடக்கத்தில் ஒரு மாணவி ‘மாடுகள் நிற்கிறது, ஆட்கள் வருகிறது’ என்று பேசினாள். ஒவ்வொரு வினைமுற்றுக்கு முன்பும் ஒரு நீண்ட இடைவெளி. பழம் எல்லாம் ‘பலம்’. அதே படத்தைப் பருவ இறுதியில் காட்டியபோது ‘மாடுகள் நிற்கின்றன’ என்பது தயக்கமின்றி வந்தது. ‘ஆட்கள் வரு…’ என்று தொடங்கி, ஒரு நொடி நின்று, ‘வருகிறார்கள்’ என்று தானே திருத்திக்கொண்டாள். நிதானமாகப் பேசிய இடங்களில் ழகரம் சரியாக ஒலித்தது, வேகம் கூடியதும் மீண்டும் லகரமாயிற்று. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபின் அவள் அட்டவணையில் எழுதிய குறிப்பு இது: ‘வருகிறார்கள் என்று நானே மாற்றினேன். வேகமாகப் பேசினால் ழ இன்னும் வரவில்லை.’ பத்துக்கு ஆறு ஏழாக உயர்ந்தது என்று மதிப்பெண் பட்டியலில் எழுதினால் இதில் எதுவும் தெரியாது. கற்கும்போதே முன்னேற்றத்தைக் கவனித்து வழிகாட்டும் வளரறி மதிப்பீட்டுக்கு வேண்டிய சான்று அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. முதல் பதிவு எளிதில் கைக்கு எட்டாமல் போயிருந்தால் அவள் அதை எழுதியிருக்கவே முடியாது.

சீசாவின் நிறைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கடவுச்சொல் நினைவில்லாத சிறுபிள்ளைகூடக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உள்ளே வந்துவிடலாம். தான் வரைந்த படத்தின்மேல் கோடு இழுத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யலாம். ஆசிரியர் ஒப்புதல் அளித்த பிறகே பதிவு வெளியே தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். வீட்டாருக்கும் உடனே போய்ச் சேரும். எழுதத் தொடங்காத வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கு நிகரான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஓர் ஓடையாக அமைந்தது: புதியது மேலே வரும், பழையது கீழே போகும். கோப்புறைக் குறிகள் இட்டுப் பழையதைத் தேடி எடுக்க வழி உண்டுதான். இருந்தாலும் செயலியின் அமைப்பு முழுவதும் நேற்றைய பதிவை நோக்கியே கண்ணை இழுக்கிறது. ஒப்பிடுதல் என்பது ஆசிரியர் வலிந்து செய்யவேண்டிய வேலையாகிவிடுகிறது.

வீட்டாருக்குப் பதிவு போய்ச் சேர்வதிலும், மொழி வகுப்பைப் பொறுத்தமட்டில், ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் கேட்பார்கள் என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் எழுதிவைத்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிழையில்லாத, ஏற்ற இறக்கமில்லாத அந்த வாசிப்பைக் கொண்டு பேச்சுத் திறனை எப்படி மதிப்பிடுவது? பெற்றோர் மகிழ்ச்சி அடைவது நல்லதுதான், ஆனால் மதிப்பீட்டுக்கான பதிவும் காட்சிக்கான பதிவும் ஒரே இடத்தில் இருக்கும்போது இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடுகிறது.

கோப்புறை முறையில் எல்லாமே பெயரிடுதலில் அடங்கியிருக்கிறது. எங்கள் கோப்புப் பெயர் இப்படி இருக்கும்: ‘2025-07-14_07_பேச்சு_சந்தை’. ஆண்டு, மாதம், நாள், பிறகு மாணவரின் வரிசை எண், திறன், தலைப்பு. நாளை முன்னால் போட்டால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். ஆண்டை முன்னால் போட்டால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். மாணவரின் பெயரை விட்டு எண்ணை மட்டும் போடுவது, கோப்பு தவறிப்போய் வேறெங்காவது சென்றாலும் அது யாருடைய குரல் என்று தெரியாமல் இருப்பதற்காக. அட்டவணைத் தாளில் ஆறு நெடுவரிசைகள்: தேதி, பணி, கோப்பின் இணைப்பு, ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்னும் வகையிலான திறன் கூற்று, மாணவரின் குறிப்பு, ஆசிரியரின் குறிப்பு. ஒரே படத்தைப் பற்றிய இரண்டு பதிவுகள் அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளில் நிற்பதால், ஒன்றைக் கேட்டு முடித்தவுடன் மற்றதைக் கேட்கலாம். கூகுள் கிளாஸ்ரூம் வழியாக இந்தத் தாளை அனுப்பும்போது ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்படி என்ற தெரிவைப் பயன்படுத்தினால், முப்பது தாள்களைக் கையால் உருவாக்கும் தொல்லையும் இல்லை.

பராமரிப்பு கடினம் என்பதை மறைக்க முடியாது. கைப்பேசியில் பதிவு செய்த ஒலிக்கோப்பு, சாதனம் தானாக வைக்கும் நீண்ட எண் வரிசையோடு வந்து சேரும். அதற்குப் பெயர் மாற்றச் சொல்லி, மாற்றாததை மாற்றி, தவறான கோப்புறையில் விழுந்ததை எடுத்து உரிய இடத்தில் போட்டு என்று தொடக்கத்தில் ஆசிரியர் ஓர் எழுத்தரைப்போல உழைக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்குப் பழகியபின் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பகிர்வு அனுமதியிலும் கவனம் வேண்டும்: வகுப்புக் கோப்புறை முழுவதையும் மாணவர்களோடு பகிர்ந்துவிட்டால் ஒருவர் பிழையை மற்றவர் கேட்டுச் சிரிக்க நேரிடும், அவரவர் கோப்புறையை அவரவரோடு மட்டும் பகிர வேண்டும். பதிவுகளை ஒலியாகவே வைத்துக்கொள்வதும் நல்லது. கல்வி நிறுவனக் கணக்குகளுக்கு முன்பிருந்த வரம்பற்ற சேமிப்பிடம் 2022இல் முடிவுக்கு வந்து, நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்றாகிவிட்டது. காணொளிகளைச் சேர்த்தால் பள்ளி நிர்வாகம் ஒருநாள் கதவைத் தட்டும். பேச்சை மதிப்பிட முகம் தேவையுமில்லை.

இந்த உழைப்பு வீண்போகாததற்குக் காரணம், கல்வியாண்டு முடியும்போது மாணவர் தம் தொகுப்பைக் கையோடு எடுத்துச் செல்ல முடிவதுதான். மொழி கற்பது பல ஆண்டு வேலை, செயலிகளின் ஆயுளுக்கோ அப்படி உத்தரவாதம் இல்லை. மாணவர்களின் சிறு காணொளிகளுக்காக உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய ஃப்ளிப்கிரிட்டை 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022இல் அதன் பெயர் ஃப்ளிப் ஆயிற்று. 2024 ஜூலையில் தனிச் செயலி நிறுத்தப்பட்டு, அதே நிறுவனத்தின் டீம்ஸ் செயலியின் உள்ளே ஒரு பகுதியாகச் சுருங்கியது. சீசாவிலும் தொகுப்பை ஒரு ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு யாரேனும் நினைவாக முயற்சி எடுக்க வேண்டும். கோப்புறையில் இருப்பதோ தொடக்கத்திலிருந்தே சாதாரண ஒலிக்கோப்பு, எந்தச் சாதனத்திலும் திறக்கும். இங்கும் ஒரு பொறி உண்டு: மாணவரின் பள்ளிக் கணக்கில் உருவான கோப்பு அந்தக் கணக்குக்கே உரியது, கணக்கை நீக்கினால் கோப்பும் போய்விடலாம். தொகுப்புகளை நிறுவனத்துக்கு உரிய ஷேர்டு டிரைவில் வைப்பதும், பள்ளியை விட்டுச் செல்பவர், கணக்கில் உள்ளவற்றை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட் மூலம் தம் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதும் இதற்குப் போதுமான தீர்வுகள்.

மஹாராவைப் பற்றி நான் அளவோடுதான் பேச முடியும். அதை ஒரு சிறு குழுவோடு பயன்படுத்திப் பார்த்ததற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய இந்த மென்பொருள், கற்பவரே தம் கோப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பக்கங்களாகத் தொகுக்கும் வகையில் அமைந்தது. ஒரே ஒலிப்பதிவை ஆசிரியருக்கான பக்கத்தில் ஒரு விளக்கத்தோடும் நண்பர்களுக்கான பக்கத்தில் வேறொரு விளக்கத்தோடும் வைக்கலாம். மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்த பக்கம், ஆசிரியர் விடுவிக்கும் வரை பூட்டப்பட்டிருக்கும். ஸ்மார்ட்எவிடென்ஸ் என்னும் பகுதியில் திறன் சட்டகத்தின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே எந்தப் பக்கம் சான்று என்று கட்டம்போட்டுக் காட்டலாம். மொழி வரலாறு என்ற அந்தக் காலியான பகுதிக்கு உண்மையில் இடம் ஒதுக்கியிருப்பது மூன்றில் இது ஒன்றே. கல்லூரியிலோ ஆசிரியர் பயிற்சியிலோ இருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன் திரைகள் கனமானவை என்பது என் எண்ணம். இன்னும் பெரிய வகுப்பில் நடத்தியவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

எந்தக் கருவியானாலும் சேர்ப்பதைக் குறைத்தே ஆக வேண்டும். 30 மாணவர்கள், ஆளுக்கு வாரம் ஒரு 2 நிமிடப் பதிவு என்றால், கேட்பதற்கு மட்டுமே ஒரு மணி நேரம். கருத்து எழுதும் நேரம் தனி. செயலிகள் பதிவு செய்வதை எளிதாக்க எளிதாக்கக் கேட்பாரற்ற பதிவுகள்தாம் பெருகுகின்றன. ஆகவே பருவத்துக்கு இருமுறை திரும்பவரும் ஒரு பேச்சுப் பணி, ஓர் எழுத்துப் பணி, ஒரு வாசிப்புப் பணி ஆகியவற்றை மட்டும் தொகுப்பில் வைக்கிறோம். மற்றவை பயிற்சியோடு முடிந்துவிடும். பருவ முடிவில் மொத்தமாக மதிப்பெண் இடும் தொகுத்தறி மதிப்பீட்டில் இவற்றுக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதை அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும். இறுதிப் பதிவின் தரத்துக்கு மட்டுமே மதிப்பெண் தருவதும், மாணவரின் குறிப்புக்கு மதிப்பெண் தராமல் கருத்து மட்டும் எழுதுவதும் என் பழக்கம். அதற்கும் மதிப்பெண் என்றால், ஆசிரியர் கேட்க விரும்புவதையே எழுதிவிடுவார்கள்.

மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பு, அல்லது வீட்டாரோடு தொடர்பே முதல் நோக்கம் என்றால், நான் சொன்னதை ஒதுக்கிவிட்டுச் சீசாவையே எடுக்கலாம். அப்போதும் தேர்ந்தெடுத்த சில பதிவுகளைப் பருவ இறுதியில் சீசாவிலிருந்து இறக்கிக் கோப்புறையில் சேர்த்துவைக்கும் கலப்பு முறை ஒன்று உண்டு. ஒரு சிறு வகுப்பில் அதைச் செய்து பார்த்ததில் வேலை கூடியதே தவிரத் தடை எதுவும் வரவில்லை. இறக்கிய உடனேயே பெயரை மாற்றிவிட வேண்டும், இல்லையேல் எது எந்தப் பருவத்தில் பேசியது என்று ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.