11 கேவி பிரேக்கர்: வேக்குவமா, எஸ்எஃப்6-ஆ?

புது பேனலுக்கு ஆர்டர் போடும் முன் பலரும் தடுமாறும் இடம் இது. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது பிரேக்கர். அதன் தொடுமுனைகள் வெற்றிடத்தில் (வேக்குவம்) இருக்கலாம், இல்லையென்றால் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு) வாயுவில் இருக்கலாம். கேவி என்பது கிலோவோல்ட்.

மின்வில்லை (தொடுமுனைகள் பிரியும்போது இடையே எரியும் தீப்பொறியை) அணைப்பது
வேக்குவம்: தொடுமுனையிலிருந்து கிளம்பும் உலோக ஆவியில்தான் வில் நிற்கிறது. மின்னோட்டம் சுழியை (பூஜ்ஜியத்தை) தொட்டதும் ஆவி படிந்துவிடும், வில்லும் போய்விடும். சுமார் 10 மி.மீ. இடைவெளியே போதும். 1926-இல் கால்டெக்கில் சோரென்சனும் மெண்டன்ஹாலும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் வாயு நீக்கிய உலோகமும் கசியாத சீலும் கைகூடப் பல பத்தாண்டுகள் ஆயின. அப்புறம்தான் தாமிரம்-குரோமியம் தொடுமுனை வந்தது.
எஸ்எஃப்6: வாயுவே எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், வில் அணைந்துவிடும்.

பராமரிப்பு
வேக்குவம்: தொடுமுனைகள் இருக்கும் வெற்றிடக் குடுவையைத் திறக்கவே வேண்டாம். மெக்கானிசத்துக்குக் கிரீஸ் போட்டால் சரி.
எஸ்எஃப்6: வாயு அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொல்லை
வேக்குவம்: மின்னோட்டத்தைச் சுழிக்கு முன்பே வெட்டிவிடும், அதனால் மின்னழுத்தம் திடீரென எகிறும். மோட்டார் இருந்தால் சர்ஜ் அரெஸ்டர் (அந்த எகிறலை அடக்கும் கருவி) போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.
எஸ்எஃப்6: புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 20,000 மடங்குக்கும் மேல்.

11, 33 கேவிக்கு வேக்குவம்தான் என் தேர்வு. 400 கேவி துணைமின் நிலைய யார்டுகளில் இன்னும் எஸ்எஃப்6 ராஜ்ஜியம்தான்.