சாவியைத் திருப்பிய வெள்ளம், திருப்பாத வெள்ளம்

வேளச்சேரியில் வீடு வாங்கியவனுக்குக் கார் காப்பீடு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, மழையே எடுத்துவிடும். எனக்கு இரண்டு முறை எடுத்தது: 2015 டிசம்பரில் ஒன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இன்னொன்று.

2015-இல் தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் காரியம், வண்டிக்கு உயிர் இருக்கிறதா என்று சாவியைத் திருப்பியது. 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் இன்ஜினைப் பிரித்து, வளைந்த கனெக்டிங் ராடைக் கையில் கொடுத்தார்கள். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீர் மசியாது, ராடுதான் வளையும்.

சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்தீர்களா, சார்?" உண்மையைச் சொன்னேன். சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை. வெள்ளம் செய்த சேதம் வேறு, அதற்குப் பின் நான் இழுத்துவிட்ட சேதம் வேறு என்பது அவர்கள் கணக்கு. அப்போது கொதித்தேன். பாலிசியில் அது எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

2020-இல் வாங்கிய அடுத்த காருக்கு இன்ஜின் பாதுகாப்பு, தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' இரண்டையும் சேர்த்தேன். கூடுதல் பிரீமியத்துக்காக ஆண்டுதோறும் வீட்டில் முணுமுணுப்புதான்.

மிக்ஜாமில் தரைத்தளப் பார்க்கிங்கில் ஸ்டியரிங் வரை தண்ணீர். இம்முறை சாவியைத் தொடவே இல்லை. வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். கதவில் படிந்திருந்த சேற்றுத் தடத்தை நம்பர் பிளேட்டோடு சேர்த்துப் படமெடுத்தேன். அன்றே கிளெய்ம் பதிந்தேன். இழுவை வண்டிக்கு நான்கு நாள், சர்வேயருக்குப் பதினொரு நாள் காத்திருந்தேன். பாதி நகரமே அந்த வரிசையில் நின்றபோது யாரை நோவது? அதற்குள் ஸ்டியரிங்கில் பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்துவிட்டது.

பில் 2,86,000 ரூபாய். என் கையிலிருந்து போனது கட்டாயப் பிடித்தம் 1,000, ஆயில் வகையறாவுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். ஜீரோ டெப் இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றிலும் பாதியைக் கழித்திருப்பார்கள். வெள்ளத்தில் நனைந்த காரில் மாற்றுவதில் பெரும்பகுதி அவைதாமே. கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைத்த 35 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், மட்டும் பூஜ்ஜியமானது.

எதிர்வீட்டு அண்ணன் கதை வேறு. பிரீமியம் குறையட்டும் என்று காரின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, குறைத்துப் போட்டிருந்தார். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் 'டோட்டல் லாஸ்', அதாவது முழு இழப்பு, என்று முடித்தார்கள். குறைத்துப் போட்ட தொகைதான் கைக்கு வந்தது. அதில் பழைய கார்கூட வாங்க முடியவில்லை.

வண்டி திரும்பி வந்தது 2024 ஜனவரி இறுதியில். ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் ஐப்பசி பிறந்தால் ஈர நாற்றம் எட்டிப் பார்க்கும். பின்பக்க சென்சார் வெட்டவெளியைப் பார்த்துக் கத்தும். கிளெய்ம் முடிந்த பிறகு தலைகாட்டும் இந்தச் சில்லறைச் செலவுகள் நம் தலையில்தான். அந்த ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும், ஊரோடு ஒத்து நானும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றிவிட்டேன்.

போன மாதம் விற்கலாம் என்று ஒருவரை வரவழைத்தேன். பானெட்டைத் திறக்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. ஓட்டுநர் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தார். கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் கறை. இரண்டு ஆண்டில் நானே பார்த்திராத கறை. கையை விட்டார், பெல்ட் மெதுவாகச் சுருண்டு உள்ளே போனது. விலையைக்கூடக் கேட்கவில்லை.